ஊரார் நடத்தும் அருங்காட்சியகம்: ஈம் கிராமத்தில் ஒரு நாள்

இங்கிலாந்தில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் போய்த் தங்கும் பெற்றோருக்கு விசா ஆறு மாதம் வரை கிடைக்கிறது. லண்டனையும் எடின்பரோவையும் சுற்றிப் பார்க்க இரண்டு வாரம் போதும். பிறகு மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட, வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கும் பெரியவர்கள் ஏராளம். அவர்களுக்காகவும், வார இறுதியில் குழந்தைகளை எங்கே கூட்டிப்போவது என்று யோசிக்கும் பிள்ளைகளுக்காகவும் இந்த அத்தியாயம்.

அந்த நாட்டுக் கிராமங்களில் ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்தும் சிறு அருங்காட்சியகங்கள் நிறைய உண்டு. மூடிய பள்ளிக்கூடம், பயன்பாட்டில் இல்லாத தேவாலயம், ரயில் நின்றுபோன நிலையம் என்று ஏதோ ஒரு பழைய கட்டடத்தில் இரண்டு மூன்று அறைகள் இருக்கும். சம்பள ஆட்கள் மிகக் குறைவு. பல இடங்களில் ஒருவர்கூட இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர், நர்ஸ், குவாரித் தொழிலாளி என ஊரில் இருப்பவர்கள் முறை வைத்துக்கொண்டு வந்து உட்காருவார்கள். டிக்கெட் கிழிப்பது, கண்ணாடி துடைப்பது, கேட்டவருக்குக் கதை சொல்வது, சாயங்காலம் பூட்டுவது எல்லாம் அவர்களே. பெரிய அருங்காட்சியகத்தைப் பார்க்கும் பழக்கத்தோடு இங்கே போனால் கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிடுவீர்கள். பார்க்கும் விதம் வேறு. அதைச் சொல்ல, எனக்கு மிகவும் பிடித்த ஓர் ஊரையே எடுத்துக்கொள்கிறேன்: டார்பிஷையரில், பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் ஈம். ஆங்கில எழுத்தைப் பார்த்து ‘ஈயாம்’ என்று கேட்டால் பேருந்து ஓட்டுநருக்குப் புரியாது. ‘ஈம்’ என்றே சொல்லுங்கள்.

போகும் முன்

முதலில் நாள் பாருங்கள். ஊரார் நடத்தும் அருங்காட்சியகங்களில் பெரும்பாலானவை குளிர்காலம் முழுக்க மூடியே இருக்கும். ஈமும் அப்படித்தான். வசந்தத்தில் திறந்து, இலையுதிர் காலம் முடியும்போது அடைத்துவிடுவார்கள். திறந்திருக்கும் மாதங்களிலும் வாரத்தில் விடுமுறை நாள் உண்டு. சில ஊர்களில் ஞாயிறு மதியம் இரண்டு மணி நேரம் மட்டுமே திறப்பார்கள். அன்று முறைக்கு வரவேண்டியவருக்குக் காய்ச்சல் என்றால் கதவு திறக்காமலேயே போகலாம். அதனால் இணையத்தில் நேரத்தைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், முந்தின நாள் ஒரு போன் போட்டு விடுங்கள். எடுப்பவர் அநேகமாக மறுநாள் உங்களுக்கு டிக்கெட் தரப்போகிறவராகவே இருப்பார். பத்துப் பேருக்கு மேல் கூட்டமாகப் போவதாக இருந்தால் சில வாரம் முன்பே சொல்லிவிடுவது மரியாதை. அறைகள் சின்னவை, கூடுதலாக ஒரு ஆளை வரவழைக்க அவர்களுக்கும் அவகாசம் வேண்டும்.

செப்டம்பரில் பத்து நாட்கள் இங்கிலாந்து முழுவதும் ‘ஹெரிடேஜ் ஓப்பன் டேஸ்’ நடக்கும். வழக்கமாகக் கட்டணம் வாங்கும் இடங்களும் மற்ற நாட்களில் திறக்காத இடங்களும் அப்போது இலவசமாகத் திறக்கும். பயணத்தை அந்த நாட்களோடு பொருத்திக்கொள்ள முடிந்தால் நல்லது. ஈமுக்கு மட்டும் இன்னொரு பருவத்தைச் சொல்வேன்: ஆகஸ்ட் கடைசி ஞாயிறு. அதை ஊரில் ‘பிளேக் ஞாயிறு’ என்பார்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

கார் இருந்தால் சிரமமே இல்லை. அருங்காட்சியகம் ஹாக்ஹில் சாலையில் இருக்கிறது. எதிரிலேயே கட்டண வாகன நிறுத்துமிடம். கார் இல்லாதவர்கள் ஷெஃபீல்டிலிருந்தோ பேக்வெல்லிலிருந்தோ பேருந்தில் வரலாம். கிராமத்துப் பேருந்துகள் அடிக்கடி வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை இன்னும் குறைவு. போகும் பேருந்தைவிடத் திரும்பும் பேருந்தின் நேரத்தைத்தான் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். நடக்கத் தெம்பு உள்ளவர்களுக்கு ரயில் வழி அழகு. மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் இடையே ஓடும் ஹோப் வேலி பாதையில் கிரிண்டில்ஃபர்ட் நிலையத்தில் இறங்கினால் ஏறக்குறைய மூன்று மைல். ஆனால் மேட்டில் ஏற வேண்டும். முட்டி வலிக்காரர்களுக்கு ஆகாது. ஷெஃபீல்ட் பக்கமிருந்து வந்தால் ரயில் 1893இல் திறந்த டாட்லி சுரங்கப்பாதைக்குள் மூன்றரை மைல் இருட்டில் ஓடிவிட்டு, மரங்கள் அடர்ந்த பள்ளத்தாக்கில் நிலையத்தின் வாசலிலேயே வெளியே வரும். பேரக்குழந்தைகள் கூட வந்தால் இதற்காகவே ரயிலில் வரலாம்.

கோடையிலும் மழைச்சட்டையும் பிடிமானமுள்ள செருப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் நடப்பதுதான் இந்தப் பயணத்தின் பாதி. கையில் கொஞ்சம் பவுண்டு நாணயங்களும் இருக்கட்டும். சிறு இடங்களில் கார்டு இயந்திரம் வேலை செய்யாத நாட்கள் உண்டு.

தெரிந்துகொண்டு போக வேண்டிய கதை

கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பொருள் தானாகப் பேசாது. ஊரின் கதையைக் கொஞ்சமாவது தெரிந்துகொண்டு போனால்தான் அது வாய் திறக்கும்.

1665இல் லண்டனைப் பெரும் பிளேக் வாட்டியது. அந்த ஆண்டுக் கோடையின் கடைசியில் ஈமில் தையல் வேலை செய்துவந்த ஜார்ஜ் விகார்ஸ் என்பவர் தங்கியிருந்த வீட்டுக்கு லண்டனிலிருந்து ஒரு துணிப்பொதி வந்தது. ஈரமாக இருந்த துணியை நெருப்பருகே காயப்போட்டார்கள் என்பது ஊர் வழக்கு. செப்டம்பர் தொடக்கத்தில் விகார்ஸ் இறந்தார். அதே வீட்டுச் சிறுவன் எட்வர்ட் கூப்பர் அடுத்து இறந்தான். பிறகு அக்கம்பக்கம், தெரு. பனிக்காலத்தில் நோய் அடங்கியதுபோல் இருந்து, 1666 கோடையில் மறுபடி வெறிகொண்டு கிளம்பியது.

ஊர்ப் பாதிரியார் வில்லியம் மொம்பெஸன் அப்போது இளைஞர். பதவிக்கு வந்து அதிக நாளாகவில்லை. அவருக்கு முன்பு பாதிரியாராக இருந்து, மதச் சட்டத்துக்கு இணங்காததால் பதவி இழந்த தாமஸ் ஸ்டான்லியும் ஊரில் இருந்தார். மக்களுக்கு ஸ்டான்லியின் மேல்தான் பிடிப்பு. எதிரெதிர் அணியில் இருந்த இந்த இருவரும் சேர்ந்து நின்றார்கள் என்பது எனக்கு இந்தக் கதையிலேயே பெரிய விஷயமாகப் படுகிறது. ஜூன் மாதம் மூன்று முடிவுகள் எடுக்கப்பட்டன. செத்தவரை அவரவர் குடும்பமே தங்கள் நிலத்திலோ தோட்டத்திலோ புதைத்துக்கொள்வது. தேவாலயத்தை அடைத்துவிட்டு, கக்லட் டெல்ஃப் என்ற பள்ளத்தில் வெட்டவெளியில் இடைவெளி விட்டு நின்று வழிபடுவது. ஊர் எல்லையைத் தாண்டி யாரும் போகாமலும் உள்ளே வராமலும் இருப்பது. சாட்ஸ்வொர்த் மாளிகையில் இருந்த டெவன்ஷையர் பிரபுவும் சுற்றியிருந்த ஊர்க்காரர்களும் உணவை எல்லையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். அதற்கான காசை வினிகர் ஊற்றிய குழிகளிலும் ஓடும் நீரிலும் போட்டு வைப்பார்கள்.

1666 நவம்பர் 1ஆம் தேதி கடைசி மரணம். ஏறக்குறைய 260 பேர் போய்விட்டார்கள். மொம்பெஸனின் மனைவி கேத்தரின் ஆகஸ்ட் 25 அன்று இறந்தார்; வயது 27. குழந்தைகள் இருவரையும் முன்பே யார்க்ஷையருக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். அவர் கணவரோடு தங்கிவிட்டார்.

உள்ளே நுழைந்ததும்

அருங்காட்சியகம் இருப்பது பழைய மெதடிஸ்ட் ஆலயத்தில். உள்ளே போகும் முன் கூரையை அண்ணாந்து பாருங்கள். காற்றின் திசை காட்டும் தகட்டில் சேவலுக்குப் பதிலாக எலி. குழந்தைகள் முதலில் கண்டுபிடிப்பது அதைத்தான்.

இந்த இடம் 1994இல் திறக்கப்பட்டது என்றாலும் அதன் வேர் இன்னும் பழையது. ஊரில் கிளாரன்ஸ் டேனியல் என்ற வரலாற்று ஆர்வலர் இருந்தார். பழைய பொருட்கள், கனிமக் கற்கள், தொல்லுயிர் எச்சங்கள், ஊர்க்காகிதங்கள் என்று வாழ்நாள் முழுக்கச் சேர்த்துத் தன் வீட்டிலேயே வைத்திருந்தார். அவருடைய சேகரிப்பின் மேல்தான் இந்த அருங்காட்சியகம் எழுந்தது. நீங்கள் எந்தக் கிராமத்து அருங்காட்சியகத்துக்குப் போனாலும் “இதை முதலில் சேர்க்க ஆரம்பித்தது யார்?” என்று கேளுங்கள். அநேகமாக ஒரு தனிமனிதரின் பெயர் வரும். அந்த மனிதருக்கு எதில் ஆசை என்று தெரிந்தால், ஏன் ஓர் அறை முழுக்கக் கல்லாக இருக்கிறது, ஏன் பெண்களின் பொருட்கள் குறைவாக இருக்கின்றன என்பதெல்லாம் விளங்கிவிடும்.

டிக்கெட் வாங்கும்போது ‘கிஃப்ட் எய்ட்’ தருகிறீர்களா என்று கேட்பார்கள். அந்த நாட்டில் வருமான வரி கட்டுபவர் தன் பெயரையும் முகவரியையும் எழுதிக் கொடுத்தால், தகுதியுள்ள ஒவ்வொரு பவுண்டு நன்கொடைக்கும் 25 பென்ஸ் அரசிடமிருந்து அருங்காட்சியகத்துக்குச் சேரும். உங்களுக்குக் கூடுதல் செலவு இல்லை. அதனால் வரி கட்டும் மகனோ மகளோ டிக்கெட் வாங்கட்டும். சுற்றுலா விசாவில் வந்த நீங்கள் வாங்கினால் அந்தப் பலன் கிடைக்காது.

இங்கே பார்க்க வேண்டியது பெயர்களை. பிளேக் பகுதியில் செத்தவர்களை வெறும் எண்ணாக விடாமல் குடும்பம் குடும்பமாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரே ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டு நின்று படியுங்கள். ஹான்காக் குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆகஸ்ட் மாதம், எட்டே நாட்களில் எலிசபெத் ஹான்காக் தன் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் பறிகொடுத்தார். ஊர்முடிவின்படி குடும்பமே புதைக்க வேண்டும். வீட்டில் மிஞ்சியது அவர் மட்டும். ஏழு பேரையும் இழுத்துக்கொண்டுபோய் வீட்டருகே நிலத்தில் தன் கையாலேயே குழி தோண்டிப் புதைத்தார். அவருக்கு நோய் வரவில்லை. பிறகு ஊரை விட்டு ஷெஃபீல்டில் வேலை பழகிக்கொண்டிருந்த தன் மகனிடம் போய்ச் சேர்ந்தார். இதைப் படித்துவிட்டு மத்தியானம் அந்தக் கல்லறைகளைப் பார்க்கப் போகும்போது யாரும் உங்களுக்கு விளக்கம் சொல்லத் தேவையிருக்காது.

கூடவே, படிப்பதை நிதானத்தோடு படிக்கவும் வேண்டும். ஊர்க் கதையும் ஆவணமும் இங்கே பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். எது எது என்று பிரித்துப் பார்ப்பது பெரிய இன்பம். எம்மட் சிடால் என்ற ஈம் பெண்ணும் பக்கத்து ஊரான ஸ்டோனி மிடில்டனின் ரோலண்ட் டோர் என்ற இளைஞனும் காதலர்கள். ஊர் அடைபட்ட பிறகு டெல்ஃப் பள்ளத்தின் இரு பக்கமும் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், ஒரு நாள் அவள் வரவில்லை என்பது ஊரே உருகும் கதை. எம்மட் இறந்தது 1666 ஏப்ரல் கடைசியில். ஊர் எல்லையை அடைத்ததோ ஜூனில். அவர்கள் முன்பே தாங்களாக விலகி நின்றிருக்கலாம். தேதி மட்டும் நம்மைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வைக்கிறது. காதல் பொய் என்று இதற்கு அர்த்தமில்லை.

எண்களிலும் இப்படித்தான். மொம்பெஸன் அந்த நவம்பரில் எழுதிய கடிதத்தில் 76 குடும்பங்களில் 259 பேர் இறந்ததாகக் கணக்குச் சொல்கிறார். இன்று தேவாலயத்தில் பார்க்கக் கிடைக்கும் மரணப் பதிவு பிற்காலத்தில் எடுத்த படி. ஊரில் மொத்தம் 350 பேர்தான் இருந்தார்கள் என்று பழைய நூல்கள் எழுதின. பதிவுகளை மறுபடி அலசியவர்கள் 700 பேராவது இருந்திருப்பார்கள் என்கிறார்கள். நான்கில் மூன்று பங்கு செத்த ஊரா, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செத்த ஊரா என்பது இந்த ஓர் எண்ணில் மாறிவிடுகிறது. ஊரார் எல்லோரும் மனமொப்பி உள்ளே இருந்தார்களா, வசதியுள்ளவர்கள் முன்பே வெளியேறிவிட்டார்களா, தியாகக் கதையைப் பின்னால் வந்த கவிஞர்களும் ஊர் வரலாற்றாசிரியர்களும் எவ்வளவு வளர்த்தார்கள் என்பதையெல்லாம் பேட்ரிக் வாலிஸ் என்ற வரலாற்றாசிரியர் 2006இல் ஒரு கட்டுரையில் அலசினார். கூரையிலிருக்கும் எலிக்கும் கேள்வி உண்டு. 2016இல் ராயல் சொசைட்டி இதழில் வந்த ஆய்வு, ஈமில் நோய் பரவியதில் ஏறக்குறைய முக்கால் பங்கு மனிதரிடமிருந்து மனிதருக்கே என்று கணக்கிட்டது. மனிதர் மேலிருந்த பேனும் தெள்ளும் அதைச் சுமந்திருக்கலாம். இதையெல்லாம் தன்னார்வலர்களிடம் தாராளமாகக் கேட்கலாம். குறுக்கு விசாரணை மாதிரி கேட்காதீர்கள். தெரிந்துகொள்ள ஆசைப்படும் விருந்தாளியாகக் கேளுங்கள். அவர்களில் பலர் இந்த ஆய்வுகளை உங்களைவிட நன்றாகப் படித்திருப்பார்கள்.

குழந்தைகளுக்கு ‘ரிங் எ ரிங் ஓ ரோஸஸ்’ பாட்டு பிளேக்கைப் பற்றியது என்று யாராவது சொல்லிக் கொடுப்பார்கள். நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் அதை ஏற்பதில்லை. அந்த விளக்கமே இருபதாம் நூற்றாண்டில் பரவியது. இன்னொன்று: நோயின் கட்டிகளையும் சாவையும் இங்கே மறைத்துச் சொல்வதில்லை. மிகச் சின்னக் குழந்தைகள் இருந்தால் ஒருவர் முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து கூட்டிப்போங்கள்.

வந்தவர்களில் பலர் பிளேக் பகுதியை முடித்ததும் கடைப் பக்கம் போய்விடுகிறார்கள். அங்கேதான் நிற்கச் சொல்வேன். ஊர் பிழைத்துக்கொண்ட கதை அதற்குப் பிறகுதான் வருகிறது: ஈயச் சுரங்கம், பட்டு நெசவு, செருப்புத் தொழிற்சாலை, கல் குவாரி. ஈம் இருக்கும் இடமே விசேஷமானது. தெற்கே சுண்ணாம்புப் பாறை. வடக்கே ஊருக்கு மேல் கரடுமுரடான மணற்பாறை விளிம்பு. சுண்ணாம்புப் பாறையின் பிளவுகளில் ஈயத் தாது ஓடியது. காட்சியில் கலீனா கல்லைத் தேடிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில், கத்தியால் வெட்டிய கனசதுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டியதுபோல் இருக்கும். வெளிச்சம் படும் பக்கம் கண்ணாடிபோல மின்னும். கைக்குள் அடங்கும் துண்டுகூட எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருக்கும். தொட்டுப் பார்க்கக் கல் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள், பல சிறு அருங்காட்சியகங்களில் வைத்திருப்பார்கள். அதோடு வரும் ஃப்ளூர்ஸ்பாரை ஈயத்துக்காகத் தோண்டியவர்கள் கழிவென்று ஒதுக்கினார்கள். பிற்காலத்தில் எஃகு உருக்கவும் ரசாயனத் தொழிலுக்கும் அது தேவைப்பட்டபோது, பழைய கழிவு மேடுகளையே மறுபடி கிளறினார்கள். ஓராண்டுத் துயரத்துக்கு உலகம் வருகிறது. அதன் முன்னும் பின்னும் பல நூற்றாண்டு உழைத்துச் சாப்பிட்ட ஊரைப் பார்க்காமல் திரும்புகிறது. என்னைக் கேட்டால் இந்த அருங்காட்சியகத்தின் அருமையான பகுதி இந்தத் தொழில் பகுதிதான்.

கடையில் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தப் பொம்மையைவிட, உள்ளூர்க்காரர்கள் எழுதிய சின்னப் புத்தகங்களை வாங்குங்கள். ஒரு தெருவின் வரலாறு, ஒரு சுரங்கத்தின் வரலாறு என்று இருக்கும். வேறெங்கும் கிடைப்பது அரிது. ஊர் நடைக்கான வரைபடத் துண்டுத்தாளும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மேசைக்குப் பின்னால் இருப்பவரிடம்

இந்த நாட்டில் பெரியவர்களைக்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது வழக்கம்; பெயர் அட்டை அணிந்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லியே பேசலாம். “சார்”, “மேடம்” தேவையில்லை. உங்கள் ஆங்கிலம் தடுமாறுமே என்ற கூச்சமும் வேண்டாம். கூட்டம் இல்லாத செவ்வாய்க்கிழமை மத்தியானத்தில், தூரத்திலிருந்து வந்த ஒருவர் தங்கள் ஊரைப் பற்றிக் கேட்பது அவர்களுக்கு உண்மையான சந்தோஷம்.

எதைக் கேட்பது? “நீங்கள் இந்த ஊரிலேயே பிறந்தவரா?”, “இங்கே இருப்பதில் உங்களுக்குப் பிடித்த பொருள் எது?” இந்த இரண்டும் எந்த ஊரிலும் பலிக்கும். இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் எழுந்தே வந்துவிடுவார்கள். நீங்கள் கவனிக்காமல் தாண்டிப்போன ஒரு மூலைக்குக் கூட்டிப்போவார்கள். ஒரு சுத்தியல், ஒரு பள்ளி வருகைப் பதிவேடு, திருவிழாப் புகைப்படம் ஒன்று. அதில் தன் தாத்தா நிற்பதைக் காட்டினாலும் ஆச்சரியமில்லை.

நீங்களும் சொல்லுங்கள். கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து போகிறவர் என்றால் அங்கே பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருப்பதைச் சொல்லலாம். 1896இல் பம்பாயில் தொடங்கிப் பரவிய பிளேக் நம் ஊர்களில் எப்படி வழிபாட்டுக்குள் வந்து நின்றது என்று கேட்டால், ஈமில் வாழ்கிறவருக்கு அது சட்டென்று புரியும்.

படம் எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம், பழைய துணிக்கும் காகிதத்துக்கும் கெடுதல். முதுகுப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். தன்னார்வலர் கையில் பணம் கொடுக்காதீர்கள், சங்கடப்படுவார்கள். வாசலில் நன்கொடைப் பெட்டி இருக்கும். ஆவணங்கள் தேடிப் போகிறவர்கள் முன்கூட்டியே மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். காட்சிக்கு வைத்திருப்பதைப் போலப் பல மடங்கு பொருட்கள் பெட்டிகளில் இருக்கும், அவற்றைத் தெரிந்தவர் வாரத்தில் ஒரு நாள்தான் வருவார்.

அருங்காட்சியகத்திலிருந்து ஊருக்குள்

முதலில் அருங்காட்சியகம், பிறகு ஊர். வரிசையை மாற்றாதீர்கள்.

மலைச்சரிவில் இறங்கி வந்தால் சிறிது தூரத்தில் தேவாலயமும் அதை ஒட்டி பிளேக் குடிசைகளும். விகார்ஸ் தங்கியிருந்த வீடு அங்கே இருக்கிறது. அடுத்திருக்கும் ரோஸ் காட்டேஜில் தார்ப் குடும்பத்தின் ஒன்பது பேரும் இறந்தார்கள். வாசலில் பலகையில் பெயர்கள். இவை இன்றும் மக்கள் குடியிருக்கும் வீடுகள். ஜன்னல் வழியே எட்டிப் பார்க்காதீர்கள், வேலியில் சாயாதீர்கள், வாசலில் நின்று சத்தமாகப் பேசாதீர்கள்.

தேவாலய வளாகத்தில் கேத்தரின் மொம்பெஸனின் கல்லறை இருக்கிறது. அந்த மாதங்களில் பிளேக்கில் செத்த மற்றவர்கள் வயலிலும் தோட்டத்திலும் புதைக்கப்பட்டதால், இங்கே அவர்களின் கல்லறைகளைத் தேடினால் ஏமாற்றமே. அருகில் ஆங்கிலோ-சாக்சன் காலத்துக் கற்சிலுவை ஒன்று, மேல்தண்டின் ஒரு பகுதி இல்லாமல் நிற்கிறது. தென்பக்கச் சுவரில் 1775ஆம் ஆண்டின் சூரியக் கடிகாரம். வெயில் இருந்தால் நேரம் பாருங்கள்.

எல்லைக்கல்லுக்குப் போகும் பாதை ஊரின் கிழக்கிலிருந்து வயல்கள் வழியாக ஸ்டோனி மிடில்டன் நோக்கி இறங்குகிறது. சாதாரணப் பாறைதான். மேல்பரப்பில் சிறு குழிகள். விளிம்புகள் மழுங்கி வழவழப்பாக இருக்கும். ஒரு விரல் உள்ளே போகும். காசை வினிகரில் போட்டு வைத்தது இங்கேதான். இன்றும் வருகிறவர்கள் நாணயம் போட்டுவிட்டுப் போகிறார்கள். கல்லருகே நின்றால் கீழே பக்கத்து ஊர் தெரியும். எவ்வளவு கிட்டத்தில் இருந்துகொண்டு தாண்டாமல் இருந்தார்கள் என்பது அந்த இடத்தில்தான் உறைக்கும்.

ஹான்காக் குடும்பம் புதைக்கப்பட்ட ரைலி கல்லறைகள் ஊருக்கு வெளியே அரை மைல் தூரத்தில், வட்டமான தாழ்ந்த கற்சுவருக்குள். இப்போது நேஷனல் டிரஸ்டின் பராமரிப்பில் உள்ளது. ஓடும் நீரில் காசைப் போட்டு வைத்த மொம்பெஸன் கிணறு வடக்கே மேட்டில், தூரம், நடப்பவர்களுக்கு மட்டும். ஆர்டனன்ஸ் சர்வேயின் ஓஎல்24 வரைபடத்தில் இந்தப் பாதைகள் எல்லாம் உண்டு. வயல் கதவைத் திறந்தால் மூடிவிட்டுப் போங்கள், ஆடுகள் மேய்கின்றன.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு வந்தால் கக்லட் டெல்ஃபில் அதே வெட்டவெளியில் நினைவு வழிபாடு நடக்கிறது. அதை ஒட்டி ஊர் நீர்நிலைகளை அலங்கரிக்கும் டார்பிஷையர் வழக்கமும் உண்டு. பலகையில் ஈரக் களிமண்ணைப் பூசி, இதழ் இதழாகப் பூக்களைப் பதித்துப் படம் எழுதுவார்கள். நிமிர்த்தி வைத்த பூக்கோலம்போல இருக்கும். சில நாட்களில் வாடிவிடும் என்பதால் நாள் தவறினால் அடுத்த ஆண்டுதான். அந்த வாரம் கூட்டம் அதிகம், வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, காலையிலேயே போய்விடுங்கள்.

அருங்காட்சியகத்துக்கு ஒன்றரை மணி நேரம், தேவாலயமும் குடிசைகளும் ஒரு மணி நேரம், எல்லைக்கல் போய்வர ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டைக் கையில் கொண்டுபோவது நல்லது. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் கொண்டுபோக வேண்டும்.

இங்கிலாந்திலேயே குடியேறிவிட்ட தமிழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலிருந்து சில மைல் தூரத்திலும் இப்படி ஓர் அருங்காட்சியகம் இருக்க வாய்ப்பு அதிகம். அதை நடத்துகிறவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. முறைக்கு ஆள் கிடைக்காமல் திறக்கும் நாட்களைக் குறைத்த இடங்கள் உண்டு. கணக்குப் பார்க்க, புகைப்படங்களைக் கணினியில் ஏற்ற, சனிக்கிழமை மத்தியானம் மேசையில் உட்கார அவர்களுக்கு ஆள் வேண்டும். அந்த ஊரில் பிறந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை எங்கும் இல்லை. போய், தன்னார்வலராகச் சேர முடியுமா என்று கேளுங்கள்.